போகாமல் இருப்பதும் ஒரு வாக்கா?

தமிழில் 'வாக்கு' என்பது முதலில் வாயிலிருந்து வரும் சொல். அதன் பிறகே அது கொடுத்த உறுதி. தேர்தலில் நாம் இடும் புள்ளடிக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இத்தாலிய மொழியில் 'வோத்தோ' என்றால் தேர்தல் வாக்கு, பள்ளிக்கூடத்துப் புள்ளி, தெய்வத்துக்கு வைக்கிற நேர்த்தி ஆகிய மூன்றும். அதன் லத்தீன் மூலத்துக்கு நேர்த்தி என்பதே பொருள். பலெர்மோவில் இருக்கிற தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குச் சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் பாராமல் எம்மவர் ஏறுகிறார்கள். நேர்த்தி நிறைவேறியவர்கள் அங்கு கொண்டுவந்து வைக்கும் காணிக்கைக்கு இந்த ஊரார் சொல்லும் பெயரிலும் அதே 'வோத்தோ' இருக்கிறது.

வாக்கு என்பது ஒரு சொல்லைக் கொடுப்பதென்றால் அதை யாருக்குக் கொடுக்கிறோம்? வேட்பாளருக்கு என்று சொல்லலாம். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எமக்கு நாமே கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம். ஆனால் எமக்கு நாமே கொடுப்பதற்கு ஒரு பெட்டியும், ஒரு திரையும், ஒரு உத்தியோகத்தரும் எதற்கு? இந்தக் கேள்வி எமக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2025 யூன் 8, 9 ஆம் திகதிகளில் இத்தாலியில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின்போது, கபோவில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்துகொண்டது.

கபோ பலெர்மோவின் பழைய சந்தைப் பகுதி. போர்த்தா கரினி வாசலால் உள்ளே வந்தால் இரண்டு பக்கமும் மீன், ஒலிவ், கத்தரிக்காய், கூவல். சந்தைக்குப் பின்னால் நீதிமன்றத்தின் பெரிய கட்டிடம். சற்றுத் தள்ளி மாசிமோ நாடக அரங்கு. அந்த அரங்கத்துக்கு வருகிறவர்கள் சாப்பிடுகிற உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவர்களும் மீன் துப்புரவாக்குகிறவர்களும் பெரும்பாலும் பங்களாதேஷ்காரர், ஆபிரிக்கர், நம் தீவுக்காரர். எங்கள் வீட்டில் நாலு பேர். மூவர் உணவகங்களில் வேலை. நாலாமவர் எங்களுக்கு மூத்தவர். நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் வீடு துடைத்தும், வயோதிபரைப் பராமரித்தும், இப்போது ஒரு சமையலறையில் நின்றும் உழைக்கிறவர். நாலு பேரில் அவர் ஒருவரிடம்தான் இத்தாலியக் குடியுரிமையும் வாக்காளர் அட்டையும் உண்டு. மற்ற மூவரிடமும் இருப்பது சொஜோர்னோ என்று நாங்கள் சொல்லும் வதிவிட அனுமதி.

அந்த வாக்கெடுப்பில் ஐந்து கேள்விகள், ஐந்து நிறத்தில் ஐந்து சீட்டுகள். நாலு சீட்டு தொழிலாளர் சம்பந்தமானவை. அவற்றில் ஒன்று எங்களை நேரே தொட்டது. 15 பேருக்கு மேற்படாத சிறு நிறுவனத்தில் ஒருவரை நியாயமின்றி நிறுத்தினால், முதலாளி கொடுக்க வேண்டிய நட்டஈட்டுக்குப் பொதுவாக ஆறு மாதச் சம்பளம் என்று அப்போது சட்டம் உச்சவரம்பு வைத்திருந்தது. அந்த உச்சவரம்பை நீக்கலாமா என்பது கேள்வி. கபோவில் 15 பேருக்கு மேல் வேலை செய்கிற உணவகம் எங்கே இருக்கிறது? ஐந்தாவது சீட்டு மஞ்சள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த வயதுவந்த ஒருவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 10 வருடம் சட்டபூர்வமாக வதிந்திருக்க வேண்டும் என்கிறது 1992 ஆம் ஆண்டுச் சட்டம். அதை 5 ஆகக் குறைக்கலாமா என்று மஞ்சள் சீட்டுக் கேட்டது.

எங்களைப் பற்றிய கேள்வி. பதில் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் அந்த உரிமை அண்ணை ஒருவருக்குத்தான்.

*

வாக்கெடுப்புக்கு இன்னொரு விசேடம் இருந்தது. இத்தாலிய அரசியலமைப்பின் 75 ஆவது பிரிவின்படி, ஒரு சட்டத்தை நீக்கும் சர்வசன வாக்கெடுப்புச் செல்லுபடியாக வேண்டுமானால் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பங்குபற்ற வேண்டும். ஆகவே 'இல்லை' என்று சொல்ல விரும்புகிறவர் போய் 'இல்லை' என்று போடுவதிலும் பார்க்க வீட்டில் இருந்துவிடுவது லாபம். போனால் எண்ணிக்கை கூடும். போகாவிட்டால் கேள்வியே செத்துவிடும். அரசாங்கத்தில் இருந்த கட்சிகள் இந்த வழியைத்தான் ஆதரித்தன. பிரதமர் ஜோர்ஜா மெலோனி வாக்களிப்பு நிலையத்துக்குப் போனார். சீட்டை மட்டும் வாங்கவில்லை. சீட்டு வாங்காதவர் பங்குபற்றியவராகக் கணக்கில் வரமாட்டார். அது சட்டப்படி சரி.

இது புதிய தந்திரமும் அல்ல, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1991 யூன் 9 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பின்போது சோசலிஸ்டுத் தலைவர் பெத்தினோ கிராக்சி மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னார். மக்கள் வாக்களிக்கப் போனார்கள். 2005 யூனில் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றி வாக்கெடுப்பு நடந்தபோது கத்தோலிக்கத் திருச்சபையின் இத்தாலிய ஆயர்கள் போகவேண்டாம் என்றார்கள். நாலில் ஒருவர் அளவிலேயே போனார்கள். வாக்கெடுப்பு விழுந்தது.

2005 என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. அந்த வருடம் நவம்பர் 17 ஆம் திகதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். எங்களில் இருவருக்கு அப்போதுதான் முதன்முறையாக வாக்காளர் இடாப்பில் பெயர் வந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்த காலம். போன பிறகும் அந்தப் படிப்பு முடியவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதற்குப் பின்னால் படிப்பு எங்கே, உயிர் எங்கே. அதை இங்கே விரிக்கவில்லை. அந்த நவம்பரில் தமிழ் மக்களுக்கு இந்தத் தேர்தலில் அக்கறை இல்லை என்று புலிகள் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. வீதிகளில் டயர்கள் எரிந்தன. வடக்கிலும் கிழக்கிலும் குண்டுகள் வீசப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த பெயர்கள் ஏழு லட்சம். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். கிளிநொச்சித் தொகுதியின் கணக்கில் ஒரேயொரு வாக்கு. மகிந்த ராஜபக்ச 50.29 வீதம், ரணில் விக்கிரமசிங்க 48.43 வீதம். வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு.

அந்த இரண்டு லட்சத்தைப் பற்றி எம்மவர் இருபது வருடமாகப் பேசுகிறார்கள். போயிருந்தால் ரணில் வந்திருப்பார், முள்ளிவாய்க்கால் நடந்திராது என்பார் ஒருவர். யார் வந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்பார் மற்றவர். இரண்டையும் நிறுவ முடியாது. நடக்காத ஒன்றின் விளைவை நிறுவ யாராலும் ஏலாது. எமது கேள்வி அதுவல்ல. அன்று வீட்டில் இருந்த அந்த லட்சக்கணக்கானோர் ஒரு கருத்தைச் சொன்னார்களா, சொல்லவில்லையா?

*

போகாமல் இருப்பதில் மூன்று வகை உண்டு என்று எமக்குப் படுகிறது.

ஒன்று, உரிமை இல்லாதபடியால் போகாமல் இருப்பது. இதற்குப் பெரிய உதாரணம் எமது தீவிலேயே இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1947 இல் வாக்களித்த கைகள் 1952 இல் வாக்களிக்கவில்லை. இந்தக் கதை முழுமையாகத் தீர 2003 வரை சட்டங்கள் செய்யவேண்டி இருந்தது.

இரண்டு, உரிமை இருந்தும் அதைக் கருவியாகப் பிடித்து வைத்துக்கொள்வது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, அது சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. வடக்கின் நாலு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. 1934 இல்தான் அவை நிரப்பப்பட்டன. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வாலிபர் காங்கிரஸ்காரர் சாதியை எதிர்த்தவர்கள், இலங்கை முழுவதற்கும் விடுதலை கேட்டவர்கள். ஆனால் அது சர்வசன வாக்குரிமையின் முதல் தேர்தல். பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும், சொத்தும் படிப்பும் இல்லாதவருக்கும் வாழ்க்கையில் முதல்முறை வாக்கு வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவே அவர்களுக்கு அன்று வாய்க்கவில்லை. பகிஷ்கரிப்பைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர்.

மூன்றாவது, பயத்தினால் போகாமல் இருப்பது. அது 2005.

இந்த மூன்றும் மனிதரின் நெஞ்சுக்குள் வெவ்வேறு விடயங்கள். ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணுகிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். யாருடைய சம்மதம், எதற்குச் சம்மதம் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. மௌனத்தில் கையெழுத்து இல்லை. ஆகவே அதை எடுத்துத் தன் கணக்கில் போட்டுக்கொள்ள எவராலும் முடியும். 2005 நவம்பர் 18 ஆம் திகதி காலை, யாழ்ப்பாணத்து மௌனத்தைத் தீர்ப்பு என்றவர்களும் இருந்தார்கள், பயம் என்றவர்களும் இருந்தார்கள், அக்கறையின்மை என்றவர்களும் இருந்தார்கள். பேசாமல் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் பதில் சொல்லியும் இருக்கமாட்டார்கள்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. போக விரும்புகிறவர் பயமின்றிப் போகக்கூடிய இடத்தில்தான் போகாமல் இருப்பது ஒரு கருத்தாகும். வாசல் திறந்திருக்கும்போது உள்ளே வராமல் நிற்பவரைப் பார்த்து இவர் வர விரும்பவில்லை என்று சொல்லலாம். பூட்டிய வாசலுக்கு வெளியே நிற்பவரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. பகிஷ்கரிப்புக் கேட்கிற இயக்கமோ கட்சியோ உண்மையில் மக்களின் கருத்தை அறிய விரும்பினால், பகிஷ்கரிக்காதவரைப் பாதுகாப்பதே அதன் முதல் வேலை. அதைச் செய்யாத பகிஷ்கரிப்பு மக்களின் வாயைப் பொத்திவிட்டு அவர்களுக்காகத் தானே பேசுவதாகும்.

இந்த அளவுகோலால் பார்த்தால் 2025 யூனில் இத்தாலியில் வீட்டில் இருந்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்களை யாரும் மறிக்கவில்லை. போனவர்களையும் யாரும் மறிக்கவில்லை. எனினும் ஒரு நெருடல் இருக்கிறது. 'இல்லை' என்பவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தால், போகிறவர் எல்லோரும் 'ஆம்' என்பவர் என்றாகிவிடும். வீதியில் காணும்போதே அவர் என்ன போடப் போகிறார் என்று தெரிந்துவிடும். அட்டையில் குத்தப்படும் முத்திரையே அவரது வாக்கைச் சொல்லிவிடும். அப்புறம் அந்தத் திரை எதற்கு? போவதே வாக்காகிவிடும் இடத்தில் இரகசிய வாக்கு என்று ஒன்று இல்லை. 2005 இல் யாழ்ப்பாணத்தில் சுண்டுவிரலில் பூசிய மை எதைச் சொல்லியிருக்குமோ, அதைத்தான் இங்கு அந்த முத்திரை மிக மென்மையாகச் சொல்கிறது. ஒன்றில் உயிர் போகும். மற்றதில் முதலாளியின் முகம் மாறும். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க நாம் வரவில்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

*

இனி அண்ணையின் விடயத்துக்கு வருவோம்.

அண்ணைக்கு 1982 டிசம்பர் 22 ஆம் திகதிதான் முதல் வாக்கெடுப்பு அனுபவம். ஜே.ஆர். ஜயவர்த்தன பொதுத் தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டக் கேட்ட சர்வசன வாக்கெடுப்பு. நீட்டுவதற்கு விளக்கு, வேண்டாம் என்பதற்குக் குடம். பத்தொன்பது வயதில் குடத்துக்குப் போட்டவர் அவர். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு குடத்துக்கு விழுந்தது. நாட்டில் 54 வீதத்துக்கு மேல் விளக்கு எரிந்தது. அடுத்த வருடம் யூலை. அவரைப் பொறுத்தவரை வாக்கெடுப்பு என்றால் நாங்கள் வெல்லுகிற இடத்தில் வென்று, தோற்கிற இடத்தில் தோற்பது.

மஞ்சள் சீட்டைப் பற்றி அவர் சொன்னது எங்களைத் திடுக்கிட வைத்தது.

"நான் பதினெட்டு வருஷம் காத்து நிண்டனான் தம்பியவை. இனி வாறவைக்கு மட்டும் ஏன் அஞ்சு?"

அந்தப் பதினெட்டு எப்படி வந்தது என்று அறிந்தவர்களுக்கு அவர் கோபம் விளங்கும். பத்து வருட வதிவிடம் என்பது நகரசபைப் பதிவிலிருந்து எண்ணப்படுவது. வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் தராவிட்டால் பதிவது கஷ்டம், பதியாவிட்டால் அந்த வருடங்கள் காற்றோடு போகும். பிறகு மூன்று வருட வருமானம் காட்டவேண்டும். சமையலறையில் பத்து மணித்தியாலம் வேலை செய்து நாலு மணித்தியாலத்துக்குப் பத்திரம் எழுதப்படுகிறவர் அந்த வருமானத்தை எங்கே காட்டுவார்? 2018 இலிருந்து மொழிப் பரீட்சையும் உண்டு. விண்ணப்பத்துக்குப் பதில் வர இரண்டு, மூன்று வருடம். கடதாசியில் பத்து என்பது வாழ்க்கையில் பதினைந்து, பதினெட்டு. இதையெல்லாம் தாண்டி உள்ளே போனவர், பின்னால் வருகிறவருக்குப் படியைத் தணித்துக் கட்டுவதைப் பார்த்தால், தனது கஷ்டமே வீணாகப் போனதுபோல உணர்கிறார். இதை நாங்கள் பலரிடம் கண்டிருக்கிறோம். இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற வாசகர்களும் கண்டிருப்பார்கள். எண்பதுகளில் வந்தவர் தொண்ணூறுகளில் வந்தவரைப் பேசுவார். தொண்ணூறுகளில் வந்தவர் 2009 இற்குப் பின் வந்தவரைப் பேசுவார். எல்லோரும் சேர்ந்து லம்பெதூசாவில் இறங்குகிற ஆபிரிக்கரைப் பேசுவார்கள்.

எங்களுக்கு நியாயம் சொல்லத் தெரியாமல் இல்லை. கஷ்டம் ஒரு காசு அல்ல, அதைக் கொடுத்து எதையும் வாங்கியதாகக் கணக்கு வைக்க முடியாது என்று சொல்லலாம். மலையக மக்களின் வாக்குப் பறிபோனபோது, வாக்கு வைத்திருந்த வடபகுதித் தமிழர் என்ன செய்யவேண்டும் என்பதும் இதே கேள்விதான் என்று சொல்லலாம். அந்தக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது, செல்வநாயகமும் நண்பர்களும் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அது முக்கிய காரணம். உள்ளே இருக்கிறவர் வெளியே நிற்கிறவருக்காகத் தன் வாக்கை என்ன செய்கிறார் என்பதில் ஒரு சமூகத்தின் தரம் தெரியும். இதெல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. ஒருவர் ஆரம்பித்தும் விட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது. நாங்கள் மூவரும் அந்த மஞ்சள் சீட்டால் லாபம் அடையக்கூடியவர்கள். அண்ணை தனியாள். மூவர் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எங்களுக்காக இப்படிப் போடுங்கோ என்று கேட்பது வேண்டுகோளா, நெருக்குதலா? டயர் எரியவில்லை, குண்டு இல்லை, அன்புதான். ஆனால் அன்பினாலும் ஒருவருடைய திரையைக் கிழிக்கலாம். வாக்கெடுப்பு முடிந்த அன்றிரவு அவர் வீட்டுக்கு வந்து எங்கள் மூவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகங்களுக்குப் பயந்து போடுகிற 'ஆம்' யாருடைய 'ஆம்'?

வாதம் செய்வது வேறு, வாக்குக் கேட்பது வேறு என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். பத்து வருடச் சட்டத்தால் யார் யாருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பேசினோம். இங்கே பிறந்து பலெர்மோப் பாஷையில் சண்டை பிடிக்கிற எம்மவர் பிள்ளைகள், பதினெட்டு வயது வரும்வரை இத்தாலியர் ஆகாமல் இருப்பதைப் பேசினோம். தாய் தகப்பனுக்குக் குடியுரிமை வந்தால் கூட இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்பதைச் சொன்னோம். அதோடு நிறுத்தினோம். எப்படிப் போடப் போகிறீர்கள் என்று முன்னுக்கும் கேட்பதில்லை, எப்படிப் போட்டீர்கள் என்று பின்னுக்கும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம். என்ன போட்டாலும் போய்ப் போடுங்கோ என்று கேட்டோம்.

"'இல்லை' எண்டு போடுறதுக்கும் போகவோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. அதுக்கும்தான்."

எங்கள் நலனுக்கு இது விரோதம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். விரோதமாகவும் இருக்கலாம். ஆனால் போய் 'இல்லை' என்று போடுகிறவர் எங்கள் கேள்வியைக் கேள்வியாக மதிக்கிறார். எங்களைப் பார்த்துப் பதில் சொல்கிறார். வீட்டில் இருந்து அந்தக் கேள்வியைச் சாகவிடுகிறவருக்கு நாங்கள் இருப்பதே தெரியவேண்டியதில்லை.

ஞாயிறு பின்னேரம், மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில் அண்ணை போனார். நாங்கள் பள்ளிக்கூடத்து வாசல் வரை கூடப் போனோம். அதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை. வாசலில் கூட்டம் இல்லை, வெயில்தான். உள்ளே அட்டையைக் காட்டவேண்டும், கைத்தொலைபேசியை மேசையில் விடவேண்டும், வேண்டிய சீட்டுகளைச் சொல்லி வாங்கவேண்டும், வேண்டாத சீட்டை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. அழியாத பென்சில் ஒன்று தருவார்கள், அதனால்தான் புள்ளடி போடவேண்டும். கால் மணித்தியாலத்தில் வெளியே வந்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரம் போகுது என்றார். ஐந்து சீட்டும் வாங்கினாரா, நாலா, மஞ்சளில் என்ன போட்டார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சொன்ன சொல்லின்படி இன்றுவரை கேட்கவில்லை.

*

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. இத்தாலி முழுவதும் நூற்றுக்கு 30 பேர் அளவில் போனார்கள். சிசிலியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதி வரவில்லை. வாக்கெடுப்பு விழுந்தது. பத்து வருடம் பத்து வருடமாகவே நின்றது. ஆறு மாத உச்சவரம்பும் அந்த வாக்கெடுப்பால் அசையவில்லை.

ஆனால் எண்ணிய சீட்டுகளில் ஒரு விடயம் இருந்தது. தொழிலாளர் பற்றிய நாலு சீட்டுகளிலும் நூற்றுக்கு 85 இற்கு மேல் 'ஆம்'. மஞ்சள் சீட்டில் 65 அளவில்தான் 'ஆம்'. போனவர்களில் மூன்றில் ஒருவர் எங்கள் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வதற்காக அந்த வெயிலில் பென்சில் பிடித்திருக்கிறார். பத்திரிகைகள் இதைக் கசப்பாக எழுதின. எங்களுக்கும் முதலில் கசந்தது. யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கினரால்தான் வாக்களிப்பு இரகசியமாக இருந்தது. அவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்த ஒவ்வொருவரின் நெற்றியிலும் 'ஆம்' என்று எழுதியிருந்திருக்கும். எங்கள் அண்ணையின் நெற்றியிலும்தான். எங்களை மறுத்தவர்களே எங்களை ஆதரித்தவர்களின் திரையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 30 வீதம் எதிலிருந்து எடுத்த வீதம்? வாக்குரிமை உள்ளவர்களிலிருந்து. ஆர்ஜென்டீனாவில் பிறந்து, சிசிலியைப் படத்தில் மட்டும் கண்ட ஒரு பேரப்பிள்ளைக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தால் அவரும் அந்தத் தொகையில் அடங்குவார். அவருக்குத் தபாலில் சீட்டுப் போகும். அதில் எமக்குப் பொறாமை இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களை இந்த நாடு மறக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது, வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க வழி வைக்காத எமது தீவை நினைத்துக்கொள்கிறோம். 2024 செப்டம்பரில் அங்கு ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நாங்கள் தொலைபேசியில் முடிவு பார்த்தவர்கள். இங்கும் இல்லை, அங்கும் இல்லை. 2005 இல் வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்தவரின் மௌனமாவது ஒரு வீதக் கணக்கின் அடியில் இருந்தது. எங்கள் மௌனம் எந்தக் கணக்கிலும் இல்லாத மௌனம்.

பலெர்மோ நகரசபை 2013 இல் 'கலாசாரங்களின் ஆலோசனை சபை' என்று ஒன்றை ஏற்படுத்தி, இங்கு வதியும் வெளிநாட்டவர் தாங்களே வாக்களித்து 21 உறுப்பினரைத் தெரியச் செய்தது. பலஸ்தீனத்தைச் சேர்ந்த வைத்தியர் அதாம் தரவ்ஷா அதன் முதல் தலைவர் ஆனார். அந்தச் சபைக்கு ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம், சட்டம் செய்ய அதிகாரம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில்தான் வட மாகாண சபைக்கு முதல் தேர்தலும் நடந்தது. அதிகாரம் இல்லாத சபை என்று அதையும் சொன்னார்கள், இதையும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. எனினும் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று பழகாத கைக்கு அதுவும் ஒரு பழக்கம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எமக்குத் தெரிந்த பதில் இது. வாக்கு என்பது வாக்கு இல்லாதவருக்குக் கொடுக்கும் சொல். வாக்கு உள்ளவர் தமக்காக வேறு எத்தனையோ வழியில் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும், நாடற்றவர்களுக்கும், சொஜோர்னோவோடு நிற்பவர்களுக்கும், நாளை வரப்போகிறவர்களுக்கும் அன்று அந்தப் பென்சில்தான் வாய். அவர்கள் கேட்டதைத்தான் போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களை நினைத்துப் போட்டால் போதும். நினைத்துவிட்டு 'இல்லை' என்றால் அதையும் தாங்கிக்கொள்ளலாம்.

நேர்த்தி வைத்தவர் அது பலிக்குமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மலை ஏறுவதில்லை. ஏறுகிறேன் என்று சொன்னபடியால் ஏறுகிறார். வாக்கெடுப்பு விழும் என்று ஒரு கிழமைக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். குடம் தோற்ற கதையும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போகிற போக்குக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை எந்த வீதக் கணக்கும் காட்டாது.